விடுதியின் பாதி வீதியில்

சென்ற ஐப்பசியில் ஒரு கருத்தரங்கின் பொருட்டு மூன்று நாட்கள் மதுரையில் தங்க நேர்ந்தது. தங்க நேர்ந்தது என்று எழுதுகிறோமே தவிர, தங்கியது மதுரையில்தானா என்ற ஐயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அமைப்பாளர்கள் அன்பு மிகுந்தவர்கள். வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர்களுக்கு எக்குறையும் வந்துவிடக்கூடாது என்றெண்ணி, நகருக்கு வெளியே சுற்றுச்சாலையை ஒட்டிய பெரிய விடுதியொன்றில் அறை ஏற்பாடு செய்திருந்தார்கள். குளிரூட்டப்பட்ட அறை, வெள்ளை வெளேரென்ற விரிப்பு, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நீச்சல் குளம். எல்லாம் இருந்தன. ஊர் மட்டும் இல்லை.

முதல் நாள் விடியலில் வழக்கம்போல் ஒரு தேநீர் அருந்தலாமென்று வாசலுக்கு வந்தோம். காவலர் எழுந்து நின்று, "வண்டி சொல்லியிருக்கீங்களா சார்?" என்றார். நடந்து போகிறோம் என்றதும் அவர் முகத்தில் தோன்றிய கலக்கத்தை எழுத்தில் கொண்டுவர இயலாது. அவர் கலங்கியதில் தவறில்லை. எதிரே நான்குவழிச் சாலை. நடைமேடை என்ற ஒன்றே கிடையாது. சரக்கு லாரிகள் கிளப்பிய புழுதியில் அரை கிலோமீட்டர் நடந்தும் ஒரு தேநீர்க்கடை தென்படவில்லை. திரும்பி வந்து, விடுதிக்குள்ளேயே ஒரு கோப்பைக் காப்பிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையைக் கொடுத்துப் பருகினோம். மூன்று நாட்களும் கார் வந்தது, ஏற்றிச் சென்றது, இறக்கிவிட்டது. மீனாட்சியம்மன் கோபுரத்தைக் காரின் பின்கண்ணாடி வழியே ஒரு முறை கண்டோம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த அனுபவம் ஒரு கேள்வியை எழுப்பியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மதுரைக்கு வந்துபோகிறோம். அத்தனை முறையும் தங்கியது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் உள்ள ஒரு சாதாரண லாட்ஜில். (ஹோட்டல் என்றால் நமக்குச் சாப்பாட்டுக் கடை; தங்குமிடம் என்றால் லாட்ஜ். ஆங்கிலச் சொற்களுக்கு நாம் கற்பித்துக்கொண்ட இந்த வேறுபாட்டை ஆங்கிலேயரே அறியார்.) அங்கே சுவரில் காரை பெயர்ந்திருக்கும், மின்விசிறி முனகும், வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டுமே. ஆயினும் ஒருமுறைகூட மதுரையைப் பார்க்கவில்லையே என்ற குறையோடு திரும்பியதில்லை. அவ்வாறெனில் ஒரு தங்கும் விடுதி உண்மையில் எதை விற்கிறது? அறையையா, அறைக்கு வெளியே இருப்பதையா?

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிறு விடுதியின் பாதி அதன் வீதியில் இருக்கிறது. வீதி நடக்கத் தகுந்ததாக இருக்கும்வரை சிறு விடுதி வாழும். வீதியை வாகனங்களுக்கு விட்டுக்கொடுத்த பின்னர் அவ்விடுதிக்கு எத்தனை கடன் கொடுத்தும், எத்தனை நட்சத்திரம் சூட்டியும் பயனில்லை. சுற்றுலா வளர்ச்சி பற்றிப் பேசுவோரும், விடுதிகளின் செயல்திறனை ஆராய்வோரும் இந்த வெளிப்பாதியைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பதுதான் நம் மனக்குறை.

மதுரையைப்போல் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு வேறில்லை. பாண்டியன் விரைவுவண்டி விடியலில் வந்து நிற்கும். நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே இராணி மங்கம்மாள் சத்திரம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட அந்த அரசியார் பெயரால் அமைந்த சத்திரத்தின் முன்னே 1870களில் இரயில் வந்து நின்றது. அங்கிருந்து டவுன்ஹால் ரோடு வழியாகக் கிழக்கே நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் மேலக்கோபுரம். இடையில் குறுக்கிடுபவை வெளி வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி. கோயிலுக்கு உள்ளே ஆடி வீதி. மாதப் பெயர்களைச் சூடிய இவ்வீதிகள் ஒன்றனுள் ஒன்றாகச் சதுரம் சதுரமாகக் கோயிலைச் சூழ்ந்திருப்பதை அறியாத தமிழர் இல்லை. ஆயினும் இவை எதற்காக அகலமாக்கப்பட்டன என்பதை நாம் அவ்வப்போது மறந்துவிடுகிறோம். சாமி புறப்பாட்டுக்காக. தேரின் வடம் பிடித்து ஆயிரக்கணக்கானோர் காலால் நடப்பதற்காக. இவ்வீதிகளுக்கு அளவுகோலாக இருந்தது மனிதனின் கால்.

பெருமாள் மேஸ்திரி வீதிக்கு மாதப் பெயர் கிடையாது. அதற்கொரு கதை உண்டு. 1840களில் மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரிவுபடுத்தினார். அளவையாளரான மாரட் பெயரால் மாரட் வீதியும், வேலையாட்களை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரால் இவ்வீதியும் அமைந்தன. ஆட்சியரின் நினைவாக நின்றது விளக்குத்தூண். தமிழ்நாட்டு நகரங்களில் மன்னர், மந்திரி, வெள்ளைக்கார அதிகாரி பெயரில் தெருக்கள் ஏராளம். மண்சுமந்த கூட்டத்தை மேய்த்த ஒரு மேஸ்திரியின் பெயரில் வீதி இருப்பது நமக்குத் தெரிந்து இங்கேதான். அவர் தூர்த்த நிலத்தின் மேற்குப் பக்கத்தில்தான், நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே, ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு சிறு லாட்ஜுகள் நிற்கின்றன. பத்து அறை, இருபது அறை, முப்பது அறை. கீழே டிபன் கடை, கைக்கடிகாரக் கடை, டிராவல்ஸ், மேலே அறைகள், மொட்டைமாடியில் நான்கு நாற்காலியைப் போட்டுக் கோபுரக் காட்சி.

இந்த அமைப்பை எந்த மேலாண்மை நிபுணரும் வகுத்துத் தரவில்லை. கோயிலின் நடைமுறையே வகுத்தது. கோயில் நடை நண்பகல் சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறக்கும். இரவு பள்ளியறைப் பூசை. வெளியூர்க் குடும்பம் விடியலில் வந்திறங்கிக் குளித்து, காலையில் ஒரு முறை தரிசித்து, நடுவே வெயிலுக்குத் தப்பிப் படுத்தெழுந்து, மாலையில் மறுபடியும் போக வேண்டுமானால் அறை நடைதூரத்தில் இருந்தே ஆகவேண்டும். சுற்றுச்சாலையில் தங்குபவருக்கு இந்த நடுப்பகல் உறக்கம் வாய்க்காது. இன்னொன்றும் உண்டு. 2018இல் கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை வந்தது. பக்கத்தில் தங்கியிருப்பவர் அறையிலேயே வைத்துவிட்டுக் கைவீசிப் போகிறார். தொலைவிலிருந்து வருபவர் அதற்கென ஒரு வரிசையில் நிற்கிறார்.

நம் லாட்ஜின் மேலாளர் இதை நம்மைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "ஒரே ரூம் சார், ரெண்டு தரிசனம். அதுதான் நம்ம யாவாரம்."

இலக்கியம் பயின்றவர்களுக்கு இங்கே சிலம்பு நினைவுக்கு வராமல் இராது. புகாரிலிருந்து நடந்தே வந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, மதுரை வீதிகளைத் தனியே சுற்றிப் பார்க்கும் பகுதிக்கு 'ஊர்காண் காதை' என்றே பெயர். ஊரைக் காண்பது என்றால் நடப்பது. அதற்கு வேறு பொருள் இளங்கோவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன்பின் அவர்கள் தங்கியது புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணின் பாதுகாப்பில். பெரிய மாளிகையில் அன்று, ஒரு குடும்பத்தின் மனையில். வீட்டோடு ஒட்டிய சிறு தங்கிடம், நடந்து காணும் ஊர் என்னும் இரண்டையும் இன்று சுற்றுலாத் துறையினர் புதிய கண்டுபிடிப்புகளைப்போல் பேசும்போது நமக்குச் சற்றே சிரிப்பு வருகிறது. (இதைத் தமிழ்ப் பெருமிதமாகக் கொள்ள வேண்டா. அந்த நகரில் அவ்விருவருக்கும் நேர்ந்ததையும் நாம் அறிவோம்.)

ஆராய்ச்சிக்கு வருவோம். விடுதியின் செயல்திறனை அளக்க உலகெங்கும் மூன்று அளவைகள் வழங்குகின்றன. நூறு அறையில் எத்தனை நிரம்பின என்பது ஒன்று. நிரம்பிய அறைக்குச் சராசரி வாடகை எவ்வளவு என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது மூன்றாவது, அதாவது நிரம்பியதும் நிரம்பாததுமாக இருக்கும் அறைகளில் ஒவ்வொன்றும் சராசரியாக ஈட்டிய வருவாய். 20 அறையுள்ள லாட்ஜ் ஒன்றில் 14 அறை நிரம்பி, வாடகை 900 ரூபாய் என வைத்துக்கொள்வோம். அறையொன்றுக்கு 630 ரூபாய். 100 அறையுள்ள பெரிய விடுதியில் 55 நிரம்பி, வாடகை 6,000 என்றால் அறைக்கு 3,300 ரூபாய். இவ்வளவில் கணக்கு முடிந்தது. பெரியது வென்றது, சிறியது தோற்றது. கடன் தரும் வங்கிக்கும், சலுகை அறிவிக்கும் அரசுக்கும் இந்த அட்டவணை போதும்.

அந்த 630 ரூபாய்க்குப் பின்னால் இருப்பவற்றை இக்கணக்கு காண்பதில்லை. லாட்ஜில் உணவகம் இல்லை. எனவே தங்கியவர் காலையில் மாசி வீதி இட்லிக்கடைக்குப் போகிறார். சலவை இயந்திரம் இல்லை; எனவே துணி தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போகிறது. குடும்பத்துப் பெண்கள் வாசலில் மல்லிகை வாங்குகிறார்கள். பிள்ளைகள் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவுக்கு அடம்பிடிக்கிறார்கள். அறுந்த செருப்பு, தொலைந்த சீப்பு, ஊருக்கு வாங்கும் சுங்குடிச் சேலை என ஒவ்வொன்றும் நடக்கும் வழியில் ஒரு கையில் போய்ச் சேருகிறது. பெரிய விடுதியில் இவ்வளவும் ஒரே ரசீதில் அடங்கிவிடும். பெரிய விடுதியின் திறமை, விருந்தினர் வெளியே செலவிட வேண்டிய தேவையே எழாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. சிறு விடுதியின் இயலாமையோ வீதிக்குப் பிழைப்பாகிறது. இதை யாரேனும் அளந்தார்களா? தங்கியவர் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் நடந்தார், எத்தனை கடைகளில் நின்றார், அறைக்கு வெளியே எத்தனை ரூபாய் செலவிட்டார் என்று மாணவர்கள் ஒரு வாரம் வாசலில் நின்று கேட்டாலே தெரிந்துவிடும். சுற்றுலா மேலாண்மை கற்பிக்கும் கல்லூரிகளில் இதைவிட எளிய ஆய்வுத் திட்டம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

சிறு விடுதி நடத்துவோரைப் பற்றி வெளிநாடுகளில் நல்ல ஆய்வுகள் வந்துள்ளன. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிராமப்புறக் குடும்பத் தொழில்களை ஆராய்ந்து கெட்ஸ், கார்ல்சன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட கட்டுரை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. இத்தகையோரிற் பலர் இலாபத்தைப் பெருக்குவதற்காக மட்டும் இத்தொழிலுக்கு வருவதில்லை, விரும்பிய இடத்தில் விரும்பிய விதத்தில் குடும்பத்தோடு வாழ்வதும் அவர்களது குறிக்கோள் என்பது அதன் சாரம். மதுரை லாட்ஜுக்காரர்களுக்கு இது முழுவதும் பொருந்தாது. இவர்கள் இயற்கையழகை நாடி வந்தவர்கள் அல்லர். தாத்தா கட்டியதைப் பேரன் நடத்துகிறார். ஆனால் ஒன்று பொருந்துகிறது. வருவாயை மட்டும் பார்த்திருந்தால் இவர்களில் பலர் எப்போதோ விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். நிலத்தின் விலைக்கும் அறை வாடகைக்கும் இன்று எவ்விதத் தொடர்பும் இல்லை.

இப்போது வீதிக்கு வந்துள்ள நெருக்கடியைச் சொல்ல வேண்டும். கருத்தரங்கின் மூன்றாம் நாள் பிற்பகல் கூட்டத்துக்குப் போகாமல் (தலைவர் மன்னிப்பாராக) ஆட்டோ பிடித்துப் பழைய லாட்ஜுக்குச் சென்றோம். மேலாளர் நாற்காலியைத் தட்டிப் போட்டார். தொழில் எப்படி என்றோம்.

"முன்னெல்லாம் போன் பண்றவங்க ரூம் எவ்வளவுன்னு கேப்பாங்க. இப்ப கார் நிறுத்த எடம் இருக்கான்னு கேக்குறாங்க. இல்லேன்னா டக்குனு வச்சிர்றாங்க சார்."

பக்கத்து லாட்ஜில் கீழ்த்தளத்திலிருந்த டிபன் கடையைக் காலிசெய்து நான்கு கார்கள் நிற்க இடம் ஒழித்துவிட்டார்களாம். முப்பது ஆண்டுகளாக நாம் காலை வேளையில் பொங்கல் வாங்கித் தின்னும் கூட்டத்தைக் கண்ட இடம் அது. எட்டிப் பார்த்தோம். இருட்டில் இரண்டு கார்கள் நின்றிருந்தன. ஐம்பது பேர் உண்டு, ஆறு பேர் வேலை செய்த இடத்தில் இரண்டு கார்கள். நம் லாட்ஜின் முதலாளியுடைய மகன்களும் அவ்வாறே செய்யலாமா, அல்லது இடத்தையே கைமாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாக மேலாளர் சொன்னார். சொல்லும்போது அவர் நம்மைப் பார்க்கவில்லை. சாவி மாட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் முதலாளியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. 1999இல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வந்தபின் வெளியூர்ப் பேருந்துகள் பலவும் நகரின் நடுவே வருவதில்லை. நெரிசல் குறைய அது தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நடந்து வந்த பயணி வராதபோது அவர் இடத்துக்குக் கார் வந்தது. கார் வந்ததும் நடப்பதற்கிருந்த ஓரம் போயிற்று. ஓரம் போனதும் நடப்பவர் மேலும் குறைந்தார். நடைமேடை இருக்கும் இடங்களிலும் மின்மாற்றிப் பெட்டி, கடையின் படிக்கட்டு, நிறுத்திய இருசக்கர வண்டி. எழுபது வயது மூதாட்டி ஒருவர் நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடப்பதைப் பின்னால் சென்று பார்த்தோம். அவர் பாதி வழி நடுத்தெருவிலேயே நடந்தார். வேறு வழி அவருக்கு இல்லை.

மாற்ற முடியாதது என்று ஒன்றுமில்லை. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் என்னும் கடைத்தெருவை 1962 நவம்பரில் வாகனங்களுக்கு மூடியபோது கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். குளிர்நாட்டில் யார் தெருவில் நடப்பார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். நேர்மாறாயிற்று. இன்றும் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அத்தெருவில் காலாற நடக்கும் கூட்டம்தான் அந்நகரின் முகம். அவ்வளவு தொலைவு போவானேன்? மீனாட்சியம்மன் கோயிலின் நான்கு சித்திரை வீதிகளிலும் வாகனம் புகுவதில்லை. மாலை வேளையில் அங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் தரையில் அமர்ந்து கதைபேசுவதை எவரும் பார்க்கலாம். நாமே செய்து, நாமே வெற்றி கண்ட ஒன்று இரண்டு வீதி தள்ளி ஏன் நின்றுவிட்டது என்பதே நம் கேள்வி. நகரின் நடுவே பலமாடி வாகன நிறுத்தகம் கட்டுவதற்கு வந்த ஊக்கத்தில் கால்பங்கு, டவுன்ஹால் ரோட்டின் நடைமேடைக்கு வரலாகாதா?

டொனால்டு ஆப்பிள்யார்டு என்னும் நகரமைப்பு அறிஞர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் அடுத்தடுத்த மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,000 வண்டிகள் செல்லும் தெருவில் வாழ்ந்தவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வண்டிகள் செல்லும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9 என்று வந்தது. அவர் கேட்டது குடியிருப்போரிடம். ஆனால் சிறு விடுதியில் தங்குபவனும் இரண்டு நாள் அத்தெருவின் குடியன்தானே. நாம் இருபது ஆண்டுகளாக அந்த லாட்ஜுக்கே திரும்பத் திரும்பச் சென்றதன் காரணம் மேலாளர் மட்டுமல்லர். எதிர்க்கடைத் தேநீர்க்காரர் சர்க்கரை குறைவாகப் போடவேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்ததும்தான். பெரிய விடுதியின் கணினியும் நம் விருப்பங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். இருக்கட்டும்.

எனினும் நடக்கத் தகுந்த வீதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அதற்கு வெனிஸ் சாட்சி. உலகில் அதைவிட நடக்கத் தகுந்த ஊர் கிடையாது. காரே நுழைய முடியாது. ஆயினும் 1950களின் தொடக்கத்தில் ஒன்றே முக்கால் இலட்சம் அளவில் மக்கள் வாழ்ந்த அதன் பழைய நகர்ப்பகுதியில் 2022இல் குடியிருப்போர் 50,000க்கும் கீழே போனார்கள். வீடுகள் எல்லாம் பயணிகளின் படுக்கைகளாயின. 2024 முதல் நெரிசல் நாட்களில் பகற்பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கிப் பார்க்கிறார்கள். நடப்பவர்கள் நிறைந்து, வாழ்பவர்கள் வெளியேறிய ஊர் அது. அதே இத்தாலியில் எதிர்த்திசையில் ஒரு முயற்சியும் உண்டு. 1976இல் பிரியூலி நிலநடுக்கத்தால் சிதைந்து மக்கள் வெளியேறிய சிற்றூர்களை மீட்க முனைந்தபோது ஒரு யோசனை பிறந்தது. தனியே ஒரு விடுதிக் கட்டிடம் கட்டாமல், ஊருக்குள் சிதறிக் கிடக்கும் பழைய வீடுகளையே அறைகளாக்குவது; வரவேற்பு ஓரிடத்தில், உணவு வேறிடத்தில், உறங்குவது இன்னொரு தெருவில். வரவேற்பிடத்துக்கும் அறைக்கும் 200 மீட்டருக்கு மேல் இருக்கலாகாது என்றும், அவ்வூரில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும் என்றும் பின்னாளில் வரையறுத்தார்கள். சார்தீனியா 1998இல் இதற்குச் சட்டமே இயற்றியது. 'பரந்து கிடக்கும் விடுதி' என்று அதன் பெயரை நாம் தமிழாக்கலாம். அந்த இரண்டாவது வரையறை முக்கியமானது. வாழ்பவர் இல்லாத தெருவில் நடப்பதற்கு என்ன இருக்கிறது?

மதுரையின் மாசி வீதிகளில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். பாத்திரக் கடையும் நகைப் பட்டறையும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அதனால்தான் இதைக் காக்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது என்று நம்புகிறோம்.

சிறு லாட்ஜுகளின் குறைகளை மறைத்துவிட்டு அவற்றுக்காக வாதிடுவது நேர்மையாகாது. நாமே சலித்துக்கொண்ட நாட்கள் பல. வெளுக்காத விரிப்பு, ஒழுகும் குழாய், நிலைய வாசலில் கையைப் பிடித்திழுக்கும் தரகர்கள். இவையெல்லாம்கூடச் சிறியவை. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவர் ஆய்வுக்காகத் தனியே மதுரை சென்றார். மூன்று லாட்ஜுகளில் "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் இல்லை" என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். இரவு எட்டரை மணி. இறுதியில் ஒரு தோழியின் உறவினர் வீட்டில் தங்கினார். சிறு விடுதியென்றால் மாதரியின் மனைபோல என்றெழுதிய கை இதையும் எழுதியே ஆகவேண்டும். கண்ணகி தனியே வந்திருந்தால் இன்றைய பெருமாள் மேஸ்திரி வீதியில் அவளுக்கு அறை கிடைத்திருக்குமா? நடக்கத் தகுந்த சுற்றுலா என்று பேசும்போது இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் தனியே நடந்துபோய், தனியே கையொப்பமிட்டு, தனியே கதவைத் தாழிட முடிகிறதா என்பதும் அளவையில் சேர வேண்டும். அதே போலத்தான் மாடிப்படியில் இரவில் சுருண்டு படுத்திருக்கும் அறைப்பையனின் ஊதியமும். குறைந்த வாடகையின் ஒரு பகுதியை அவன் உறக்கம் சுமக்கிறது.

கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழலாகாது என்ற அரசு விதியும் உண்டு. அதை மீறி எழுந்த கட்டிடங்களில் லாட்ஜுகளும் அடக்கம் என்பதையும், அது நீதிமன்றம்வரை சென்றதையும் மறைப்பதற்கில்லை. கோபுரக் காட்சியை விற்பதற்காகவே கோபுரத்தை மறைத்துக் கட்டுவதை என்னவென்பது!

வரி பற்றியும் ஒரு வார்த்தை. 1,000 ரூபாய்க்குட்பட்ட அறைகளுக்கு 2022 ஜூலை வரை சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. பின்னர் 12 விழுக்காடு விதித்தார்கள். 2025 செப்டம்பரில் 7,500 ரூபாய்வரையுள்ள எல்லா அறைகளுக்கும் 5 விழுக்காடாக்கினார்கள். குறைத்தது நன்றே. ஆனால் 900 ரூபாய் அறையும் 7,000 ரூபாய் அறையும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுவிட்டன. இணையவழி முன்பதிவு நிறுவனங்களுக்குப் பதினைந்து, இருபது விழுக்காடு தரகு கொடுத்தபின் 900 ரூபாயில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை மேலாளர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். மின்கட்டணம், தண்ணீர் லாரி, இரண்டு பையன்களின் சம்பளம் எல்லாம் கழித்தபின் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வரும் தை மாதம் நம் மாணவர்கள் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஊர்காண் காதையைக் கையில் வைத்தபடி மாசி வீதிகளை ஒரு நாள் முழுதும் நடந்து பார்ப்பதாகத் திட்டம். அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். ஆறு அறைகள் வேண்டுமென்றோம். மேலாளர் தடித்த பதிவேட்டைப் புரட்டித் தேதியைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். முன்பணம் நீட்டியதற்கு வேண்டாமென்றார்.

"தையில இருப்போம் சார். அதுக்கு மேலேன்னா ஒரு போன் போட்டுட்டு வாங்க."

வெளியே வந்து ஆட்டோவைத் தவிர்த்து மேலக்கோபுரம் நோக்கி நடந்தோம். நடைமேடையை மறித்து நின்ற கார் ஒன்றைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கவேண்டியிருந்தது.